மெட்-சர்ஜ் திருப்புதல்: ஒவ்வொரு மண்டலத்தையும் "எது கொல்லும்?" என்ற கேள்வியில் தொடங்குங்கள்

"லீவு முடிஞ்சு வேலைக்குப் போற நாளு மட்டும் நெஞ்சு இறுக்கிப் புடிக்குதுங்க சிஸ்டர். ரெண்டாம் நாளு, மூணாம் நாளு தானாச் சரியாயிருதுங்க."

கோவை, பல்லடம், திருப்பூர் பக்கம் ஓ.பி.யில் நின்றவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமானது. சொல்கிறவருக்கு 50 வயது, பீடி உண்டு, சர்க்கரை உண்டு, ஸ்பின்னிங் மில்லில் 20 வருஷம். இவரை எந்தப் பாடத்தில் தேடுவீர்கள்? சுவாச மண்டலத்தில் பஞ்சுத் தூசி நோயாக இருக்கலாம். இதய மண்டலத்தில் ஆஞ்சைனாவாக, அதாவது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சு வலியாக இருக்கலாம். சர்க்கரைக்காரர் என்பதால் வலியே சரியாகத் தெரியாத மாரடைப்பாகவும் இருக்கலாம். புத்தகம் மண்டலம் மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறது, நோயாளி அப்படிப் பிரித்துக்கொண்டு வருவதில்லை.

எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு), நார்செட் (எய்ம்ஸ் செவிலியர் தேர்வு) என்று எழுதப் போகிறவர்களுக்கும், செவிலியர் படிப்பான ஜி.என்.எம்., பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வார்டில் நின்றபடியே படிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மெடிக்கல்-சர்ஜிக்கல் நர்சிங் என்ற பாடத்தை 2021-ல் வந்த புதிய பி.எஸ்ஸி. பாடத்திட்டம் அடல்ட் ஹெல்த் நர்சிங் என்கிறது. பெயர்தான் மாறியது, வார்டில் எல்லோரும் இன்னும் மெட்-சர்ஜ் என்றுதான் சொல்கிறோம். பொழுதோட டியூட்டி முடித்து ஈரோடு பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டே படித்தவள் நான். தடிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிப்பதுதான் திருப்புதல் என்று நினைத்து இரண்டு வருஷத்தை வீணாக்கினேன்.

படி 1: எண்கள் ஒரே தாளில்

முதல் இரண்டு நாளில் நோய் எதையும் தொடாதீர்கள். ஒரு தாள் எடுத்து, எதையும் பார்க்காமல் எழுதக்கூடிய அளவுக்கு இவற்றை மனதில் ஏற்றுங்கள். சோடியம் 135 முதல் 145. பொட்டாசியம் 3.5 முதல் 5.0. கால்சியம் 8.5 முதல் 10.5. ரத்த பி.ஹெச். 7.35 முதல் 7.45, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 35 முதல் 45, பைகார்பனேட் 22 முதல் 26. பிளேட்லெட் ஒன்றரை லட்சத்திலிருந்து நான்கரை லட்சம். சிறுநீர் ஒரு கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லி, வளர்ந்த ஆளுக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் தகவல் சொல்ல வேண்டும்.

லேபுக்கு லேப் சின்ன வித்தியாசம் இருக்கும், அதற்கு வெசனப்பட வேண்டாம். தேர்வில் பொட்டாசியம் 3.5-க்கும் 3.6-க்கும் நடுவில் யாரும் கேட்பதில்லை. 2.8 என்றோ 6.4 என்றோ கேட்பார்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் கண் மானிட்டருக்குப் போக வேண்டும்.

இதே தாளின் பின்பக்கம் டிரிப் கணக்கு. நம் வார்டில் இருக்கும் சாதாரண செட் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 20 சொட்டு, மைக்ரோ செட் 60 சொட்டு. ஒரு லிட்டர் 8 மணி நேரத்தில் போக வேண்டும் என்றால் 1000-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிஷத்தால் வகுத்தால் நிமிஷத்துக்கு 42 சொட்டு. வினாத்தாளில் செட்டின் சொட்டு அளவு 15 என்று கொடுத்திருந்தால் பழக்க தோஷத்தில் 20 போட்டுவிடாதீர்கள். நான் போட்டிருக்கிறேன்.

படி 2: ஒவ்வொரு நோய்க்கும் நான்கே கேள்வி

நோயின் பெயரைத் தலைப்பாகப் போட்டு, காரணம், வகை, அறிகுறி, பரிசோதனை, சிகிச்சை, செவிலியர் பணி என்று ஆறு தலைப்பில் குறிப்பு எடுப்பது கல்லூரிப் பழக்கம். தேர்வுக்கும் வார்டுக்கும் அது நீளம். நான் இப்படிக் கேட்டுக்கொள்வேன். இவரை இன்று ராத்திரி எது கொல்லும்? அது வருவதை நான் முதலில் எதில் பார்ப்பேன்? டாக்டர் வருவதற்குள் என் கை என்ன செய்யும்? என்ன செய்தால் நானே கெடுத்துவிடுவேன்?

தைராய்டு எடுத்த நோயாளியை வைத்துப் பாருங்கள். கொல்வது மூச்சுக்குழல் அடைப்பு. ரத்தம் கழுத்துக்குள்ளேயே கட்டலாம், குரல் நரம்பு பாதிக்கலாம், கால்சியம் விழுந்து குரல்வளை இறுகலாம். முதலில் தெரிவது எங்கே? கட்டின் முன்பக்கத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். படுத்திருப்பவரின் ரத்தம் கழுத்துக்குப் பின்னால் வடிந்து தலையணையில் இருக்கும், கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். கட்டு இறுக்கமாக இருக்கிறது என்பது, உதட்டைச் சுற்றி மதமதப்பு, பி.பி. கஃப் ஊதும்போது கை கோணிக்கொள்வது, குரல் கம்முவது எல்லாமே மணியடிப்பவை. என் கை செய்வது: தலைப்பக்கம் உயர்த்தி, டிராக்கியாஸ்டமி செட்டும் கால்சியம் குளுகோனேட்டும் ஆக்சிஜனும் சக்ஷனும் பக்கத்தில் வைத்திருப்பது. கெடுப்பது: கழுத்தை மடக்கித் திருப்புவது. நாலு கேள்வியில் ஒரு நோய் முடிந்தது, அரைப் பக்கம்கூட ஆகவில்லை.

படி 3: மூச்சு

திருப்புதலை இங்கிருந்து தொடங்குங்கள். நம் ஊரில் கேஸும் அதிகம், தேர்விலும் மதிப்பெண் அதிகம்.

முதலில் பஞ்சு. பருத்தித் தூசியில் வரும் பிசினோசிஸ் என்ற நோயைப் புத்தகம் இரண்டு வரியில் முடித்து, "திங்கட்கிழமைக் காய்ச்சல்" என்று ஒரு பெயரையும் சொல்லும். விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும் என்பதால் அந்தப் பெயர். ஆனால் நம் மில்களில் பல இடத்தில் வார விடுமுறை முறைவைத்துத்தான் வருகிறது. திங்கட்கிழமையா என்று கேட்டால் இல்லை என்பார்கள். "லீவு முடிஞ்சு போன அன்னைக்கா?" என்று கேளுங்கள். எந்த டிபார்ட்மென்ட் என்றும் கேளுங்கள். பஞ்சைப் பிரிக்கும் புளோ ரூமும் அதைச் சிக்கெடுக்கும் கார்டிங்கும் தூசி அதிகமான இடங்கள். பல வருஷம் போனால் எல்லா நாளும் இறுக்கம் இருக்கும், சி.ஓ.பி.டி. (நாட்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய்) போலவே ஆகிவிடும்.

சி.ஓ.பி.டி.யில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்த வருஷம், ஒரு தனியார் மருத்துவமனையில் இரவு டியூட்டி. பழைய மில் தொழிலாளி, ரத்த ஆக்சிஜன் சாச்சுரேஷன் 86 காட்டியது. பயத்தில் மாஸ்க் போட்டு 10 லிட்டர் திறந்துவிட்டேன். 98 வந்ததும் எனக்கு நிம்மதி. அவர் அமைதியாகத் தூங்கினார். அரை மணி கழித்து சீனியர் அக்கா வந்து அவர் கையைத் தொட்டுப் பார்த்து, கூப்பிட்டுப் பார்த்து, "இது தூக்கமில்ல கண்ணு" என்றார். கார்பன் டை ஆக்சைடு ஏறி மயங்கிக்கொண்டிருந்தார். சி.ஓ.பி.டி.காரருக்கு இலக்கு 88 முதல் 92. அளவாகக் கொடுக்க வென்ச்சுரி மாஸ்க், இல்லையென்றால் மூக்குக் குழாயில் 1, 2 லிட்டர். அதற்காக மூச்சே நின்றுபோகும் நிலையில் இருப்பவருக்கு ஆக்சிஜனைக் கஞ்சத்தனமாகக் கொடுப்பதும் தப்புதான். காலை எழுந்ததும் தலைவலி, மந்தம், சூடான உள்ளங்கை, கையை நீட்டினால் படபடக்கும் நடுக்கம்: இவை கார்பன் டை ஆக்சைடு தேங்குவதன் அடையாளம். அவருக்கு எடுத்த ஏ.பி.ஜி. (தமனி ரத்த வாயுச் சோதனை) மாதிரி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பி.ஹெச். 7.30, கார்பன் டை ஆக்சைடு 58, பைகார்பனேட் 28. அமிலம் ஏறியிருக்கிறது, காரணம் நுரையீரல், சிறுநீரகம் ஈடுகட்டப் பார்க்கிறது ஆனால் பி.ஹெச். இன்னும் சரியாகவில்லை. அதாவது பகுதி ஈடுகட்டிய ரெஸ்பிரேட்டரி அசிடோசிஸ். தினம் மூன்று ஏ.பி.ஜி. போட்டால் ஒரு வாரத்தில் பயம் போய்விடும்.

நெஞ்சில் குழாய் விட்டுக் காற்றையும் நீரையும் வடிக்கும் ஐ.சி.டி. பாட்டில் பற்றிக் கேள்வி இல்லாத வினாத்தாள் குறைவு. குழாயின் நுனி தண்ணீருக்குள் 2 செ.மீ. இருக்க வேண்டும். மூச்சோடு தண்ணீர் ஏறி இறங்கினால் வேலை செய்கிறது. ஏறி இறங்குவது நின்றால் இரண்டு அர்த்தம்: நுரையீரல் விரிந்துவிட்டது, இல்லை குழாய் அடைத்துவிட்டது அல்லது மடங்கியிருக்கிறது. நோயாளியின் மூச்சு எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் எது என்று சொல்ல முடியும். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் எங்கோ காற்று கசிகிறது. பாட்டில் உடைந்தால் குழாயின் நுனியைச் சுத்தமான சலைன் பாட்டிலுக்குள் விடுங்கள். குழாய் நெஞ்சிலிருந்தே கழன்றால் துளையை மூடி மூன்று பக்கம் மட்டும் ஒட்டுங்கள். எக்ஸ்ரேக்குக் கொண்டுபோகும்போது பாட்டில் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்க வேண்டும், கிளாம்ப் போடக் கூடாது. அட்டெண்டர் அண்ணன் பாட்டிலை நோயாளியின் மடியில் வைத்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

டி.பி. சுருக்கமாக. இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு பைரசினமைடை நிறுத்தி நான்கு மாதம் மூன்று மருந்து, தினமும். ரிஃபாம்பிசின் சிறுநீரைச் சிவப்பாக்கும், முன்னாடியே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். ஐசோனியசிட் நரம்பைப் பிடிக்கும், கூடவே பி6. எத்தாம்பூட்டால் கண்ணைப் பாதிக்கும்.

படி 4: நெஞ்சு

மாரடைப்பில் வந்ததும் 10 நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. ஆஸ்பிரினை மென்று விழுங்க வைக்க வேண்டும். ஆனால் கொடுப்பதற்கு முன் ஏற்கெனவே கொடுத்தாச்சா என்று கேளுங்கள். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றையும் கொடுத்து அனுப்புகிறார்கள். ரெஃபரல் சீட்டு கூட வந்தவரின் சட்டைப் பையில் இருக்கும், கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார். ரத்தக் குழாயை விரிக்கும் நைட்ரேட் கொடுக்கும் முன் பி.பி. பாருங்கள். இதயத்தின் வலது பக்க மாரடைப்பு சந்தேகம் இருந்தாலோ, ஆண்மைக் குறைவுக்கான சில்டனாஃபில் மாதிரி மாத்திரை எடுத்திருந்தாலோ நைட்ரேட் கூடாது. இந்தக் கேள்வியைக் கேட்க நம் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். சம்சாரமும் ஒறம்பரையும் சுற்றி நிற்கும்போது கேட்டால் அவரும் உண்மை சொல்ல மாட்டார். அவர்களைச் சற்று அக்கட்ட அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

நம் ஊர்ப் பேச்சைப் பாடத்தோடு சேர்த்துப் படியுங்கள். "நெஞ்சு கரிக்குதுங்க", "வாயுப் புடிச்ச மாதிரி இருக்குதுங்க", "கிறுகிறுன்னு வருதுங்க" என்று சொல்லும் 60 வயது சர்க்கரை அம்மாவுக்கு ஜெலுசில் கொடுத்துப் படுக்க வைத்துவிடக் கூடாது. முதலில் ஈ.சி.ஜி.

இதயச் செயலிழப்பில் இடது என்றால் நுரையீரலில் நீர், வலது என்றால் காலிலும் வயிற்றிலும் நீர். தினமும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி உடையில் எடை. ஒரு கிலோ ஏறினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் தேங்கியிருக்கிறது. இதய மருந்தான டிஜாக்ஸின் கொடுக்கும் முன் ஒரு முழு நிமிஷம் நெஞ்சில் வைத்து எண்ணுங்கள், 60-க்குக் கீழ் என்றால் நிறுத்தி வைத்துத் தகவல் சொல்லுங்கள். சிறுநீர் பெருக்கும் ஃபுரோசிமைடால் பொட்டாசியம் குறைந்தவருக்கு டிஜாக்ஸின் விஷமாகும், மஞ்சளாகத் தெரிகிறது என்பார். இதை மறக்காதீர்கள், படி 6-ல் அரளியிடம் திரும்ப வருவோம்.

படி 5: சர்க்கரையும் சிறுநீரகமும் சேர்த்தே

இந்த இரண்டையும் தனித்தனியாகப் படிக்க வேண்டாம். டயாலிசிஸ் யூனிட்டில் போய் நின்றால் ஏன் என்று தெரியும்.

டி.கே.ஏ.யில் (இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் நிலை) எல்லோரும் இன்சுலினுக்குக் கை நீட்டுவார்கள். முதல் வேலை நார்மல் சலைன். அடுத்தது பொட்டாசியம் ரிப்போர்ட். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளிவிடும். ஏற்கெனவே 3.3-க்குக் கீழ் இருந்தால் (புதிய வழிகாட்டுதலில் 3.5) இன்சுலினை நிறுத்தி வைத்துப் பொட்டாசியத்தை முதலில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை குறையும்போதே இதயம் நின்றுபோகும். இங்கே "எது கொல்லும்?" என்ற கேள்விக்கு விடை சர்க்கரை இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆழமான வேக மூச்சும் பழவாசமும் டி.கே.ஏ. சர்க்கரை 600 தாண்டி, கடும் வறட்சி, குழப்பம், கீட்டோன் பெரிதாக இல்லை என்றால் ஹெச்.ஹெச்.எஸ்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் 10 மில்லியில் 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது. நேரடியாக ஊசியில் ஒருநாளும் போடக் கூடாது. கலந்து, சொட்டு எண்ணி, கையில் உள்ள நரம்பில் மணிக்கு 10-க்கு மேல் போகாமல், சிறுநீர் போகிறதா என்று பார்த்த பிறகு.

இன்சுலினில் நம் நாட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று, வெளிநாட்டுப் புத்தகத்தில் வராது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் வயலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். வீட்டுக்கு அனுப்பும்போது நோயாளியின் சிரிஞ்சை வாங்கிப் பாருங்கள்.

"வெள்ளச் சக்கரைதானுங்க ஆகாது, நாட்டுச் சக்கரை போட்டுக்கறனுங்க." கவுந்தப்பாடி பக்கத்து ஆட்களிடம் இதை மறுத்துப் பேசுவது கஷ்டம், அவர்கள் ஊர்ப் பெருமை அது. ஆனால் ரத்தச் சர்க்கரைக்கு இரண்டும் சர்க்கரைதான். மயக்கம் வரும்போது, அதாவது 70-க்குக் கீழ் போகும்போது, அதே நாட்டுச் சர்க்கரையை மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இப்படிச் சொன்னால் நம்மையும் நம்புவார்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கால் பராமரிப்பு என்று புத்தகம் பத்து வரி எழுதும். பண்ணாரியில் குண்டம் மிதித்தவர் கால் கொப்புளத்தை மூன்றாம் நாள் சாக்ஸில் ஈரம் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார் என்று கற்பனை செய்து பாருங்கள், நரம்பு மரத்துப்போவது என்றால் என்னவென்று அந்தப் பத்து வரியும் தேவையில்லாமல் புரியும். வேண்டுதலை விடச் சொல்லி நாம் சண்டை போட முடியாது. "போறதுக்கு முந்தி காலக் காமிச்சுட்டுப் போங்க, வந்ததும் ஒருக்கா காமிங்க" என்று சொல்லலாம்.

சிறுநீரகச் செயலிழப்பில் இன்று ராத்திரி கொல்வது பொட்டாசியம், அடுத்து நுரையீரல் நீர். ஈ.சி.ஜி.யில் டி அலை கூம்பாக நிமிரும். கால்சியம் குளுகோனேட் இதயத்தைக் காக்கும், பொட்டாசியத்தைக் குறைக்காது. இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும், சால்பூட்டமால் நெபுலைசரும் அதைச் செல்லுக்குள் தள்ளும். உடம்பை விட்டு வெளியேற்றுவது டயாலிசிஸ். இந்த மூன்று வேலையையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் போதும். பொள்ளாச்சிக்காரருக்கு இளநீர் வேண்டாம் என்று சொல்வதுதான் பெரிய பாடு. "உடம்புக்குக் குளிர்ச்சிங்களே" என்பார். சித்திரை வெயிலிலும் நோம்பி நாட்களிலும் ஒரு டயாலிசிஸ் தள்ளிப்போய், இரண்டு இளநீரும் உள்ளே போயிருந்தால் ஞாயிறு ராத்திரி வருவார். உப்புக்குப் பதில் இந்துப்பு போடுகிறேன் என்பவருக்கு அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான் என்று சொல்லுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று பாக்கெட்டில் வருவதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், அது இவர்களுக்கு இன்னும் மோசம். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த ஃபிஸ்டுலா கையில் பி.பி., ஊசி, ரத்தம் எடுப்பது எதுவும் கூடாது. தினமும் காலையில் அந்த இடத்தில் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்க்க நோயாளிக்கே கற்றுக்கொடுங்கள்.

படி 6: காட்டு வேலையும் விஷமும்

வெளிநாட்டுத் திருப்புதல் புத்தகங்களில் இந்தப் பகுதி மெலிந்திருக்கும். மஞ்சளும் கரும்பும் கடலையும் விளையும் ஊரில் நமக்கு இது முதல் வரிசை.

பூச்சிமருந்து, ஆர்கனோபாஸ்பேட் வகை. எல்லாம் ஒழுகும்: எச்சில், கண்ணீர், வியர்வை, சிறுநீர், வயிற்றுப்போக்கு. கண்மணி ஊசிமுனையாகும், நாடி குறையும். கொல்வது நுரையீரலில் சுரக்கும் சளி. கையுறை போட்டுக்கொண்டு துணியைக் கழற்றி, தோலையும் முடியையும் கழுவுங்கள், தோல் வழியாகவும் ஏறும். முறிவு மருந்தான அட்ரோபின் போதுமா என்பதைக் கண்மணியை வைத்து முடிவு செய்யாதீர்கள். நெஞ்சில் சத்தம் தெளிந்ததா, நாடி 80 தாண்டியதா, அக்குள் காய்ந்ததா என்று பாருங்கள். அளவு மீறினால் காய்ச்சல், பிதற்றல், சிறுநீர் தேக்கம், குடல் சத்தம் நிற்பது. இரண்டாம் நாள் தேறிவிட்டார் என்று எல்லோரும் நினைக்கும்போது இன்னொன்று காத்திருக்கிறது. 24 மணியிலிருந்து 96 மணிக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளரலாம். ஒவ்வொரு ரவுண்டிலும் "தலையணையிலிருந்து தலையத் தூக்குங்க பாக்கலாம்" என்று சொல்லுங்கள். தூக்க முடியாவிட்டால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். இந்த ஒரு வாக்கியம் உயிரைக் காப்பாற்றுவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள் அரளி, படி 4-ன் டிஜாக்ஸினுக்கு உறவுக்காரன். நாடி குறைவதும் இதய அடைப்பும் பொட்டாசியம் ஏறுவதும் சேர்ந்து வரும். மானிட்டரை விட்டு நகரக் கூடாது. ஒடுவன்தழை என்ற விஷத் தழை இதற்கு நேர்மாறு, பொட்டாசியத்தைக் கீழே இறக்கி அமிலத்தை ஏற்றும். பெயரைக் கேட்டதும் எந்தப் பக்கம் பொட்டாசியம் போகும் என்று சொல்லிப் பழகுங்கள். விஷத்தைத் தானே உட்கொண்டு வந்தவர் பிழைத்த பிறகு மனநல மருத்துவரிடம் அனுப்புவதும், அதுவரை தனியாக விடாததும் நம் வேலை. அந்தக் கட்டில் பக்கம் நின்று கதை பேசுகிற வழக்கத்தை நாம் விட வேண்டும்.

பாம்புக்கடியில் நான்கு பாம்பு: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். முதல் இரண்டும் நரம்பு, பின்னிரண்டும் ரத்தம். கட்டுவிரியன் ராத்திரி தரையில் படுத்தவரைக் கடிக்கும், வலியோ தடமோ பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை சரிவு என்று வருவார். காட்டுச்சாளையில் கீழே படுத்தீர்களா என்று கேட்கத் தோன்ற வேண்டும். ரத்த உறைவுச் சோதனைக்கு 2 மில்லி ரத்தம், காய்ந்த கண்ணாடிக் குழாயில், 20 நிமிஷம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் பிளாஸ்டிக்கும் பொய் சொல்லும். விஷமுறிவு மருந்து குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு, பாம்பு செலுத்திய விஷம் ஆளைப் பார்த்துக் குறைவதில்லை. பொதுவாக 10 வயலில் தொடங்குவார்கள். அட்ரினலினை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வாமை வந்தால் 0.5 மி.கி. தொடைத் தசையில். கயிறு கட்டி வந்திருந்தால் எல்லாம் தயாரான பிறகுதான் அவிழ்க்க வேண்டும், வந்த வேகத்தில் அறுத்துவிடாதீர்கள்.

படி 7: தலை

பக்கவாதத்தில் கடிகாரம்தான் நோயாளி. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம், அது கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து எண்ணப்படும். காலை ஆறு மணிக்கு எழுப்பும்போது கை விழுந்திருந்தது என்றால் ராத்திரி பத்து மணிக்குப் படுத்ததுதான் கணக்கு. வந்ததும் விரலில் சர்க்கரை பாருங்கள், குறைந்திருந்தாலும் கை கால் விழும். விழுங்கும் சோதனை முடியும் வரை ஒரு மடக்குத் தண்ணீரும் கூடாது. கூட வந்தவர் சோடா வாங்கிக்கொண்டு நிற்பார்.

தலைக்காயத்தில் நினைவை அளக்கும் கிளாஸ்கோ மதிப்பெண்: கண் 4, பேச்சு 5, அசைவு 6. எட்டோ அதற்குக் கீழோ என்றால் மூச்சுக்குழலைக் காக்க வேண்டும். மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் மேல் பி.பி. ஏறும், நாடி குறையும், மூச்சு ஒழுங்கு கெடும். ஷாக்கில் இதற்கு நேர் எதிர். தேர்வில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழப்புவார்கள். உண்மையில் இந்த மூன்றும் வரும்போது நேரம் கடந்திருக்கும், முதலில் மாறுவது நினைவு. "நேத்து விட இன்னைக்கு நெம்ப தூங்கறாருங்க" என்று சம்சாரம் சொன்னால் சார்ட்டைவிட அதை நம்புங்கள். வலிப்பு மருந்தான ஃபெனிடாயினை நார்மல் சலைனில் மட்டும், நிமிஷத்துக்கு 50 மி.கி. தாண்டாமல்.

படி 8: வயிறு, எலும்பு, தீக்காயம், ரத்தம்

வயிற்றை வேகமாகக் கடக்கலாம். அப்பெண்டிக்ஸ் வலி திடீரென்று நின்றால் சந்தோஷப்படாதீர்கள், வெடித்திருக்கலாம். லிவர் சிரோசிஸில் லாக்டுலோஸ் கொடுப்பது மலச்சிக்கலுக்கு இல்லை, அமோனியாவுக்கு. நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளகிப் போவதே இலக்கு. வயிற்று நீர் எடுக்கும் முன் சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள்.

எலும்பில் ஒன்றே ஒன்றை ஆழமாகப் படியுங்கள்: கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம், அதாவது தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுவது. நாட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டு மூன்று நாள் கழித்து விரல் கறுத்து வருபவரைப் பார்த்த பிறகு இதை யாரும் மறக்க மாட்டார்கள். காயத்துக்குப் பொருந்தாத வலி, விரலை நாம் நீட்டினால் துடிப்பது, இவையே முதல் அடையாளம். நாடி மறைவது கடைசியில். கட்டை அவிழ்த்துவிட்டு, கையையோ காலையோ இதயத்தின் மட்டத்தில் வைக்க வேண்டும். உயர்த்தினால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும். விடைத் தேர்வில் "உயர்த்தி வைக்கவும்" என்று ஒரு பொறி எப்போதும் இருக்கும்.

தீக்காயக் கணக்கு ஒன்று போடுவோம். 60 கிலோ ஆள், உடம்பில் 40 சதவீதம் தீக்காயம். ஏற்ற வேண்டிய திரவத்தைக் கணக்கிடும் பார்க்லேண்ட் முறையில் 4 மில்லி × 60 × 40 = 9600 மில்லி, 24 மணி நேரத்துக்கு. பாதி, 4800 மில்லி, முதல் 8 மணியில். அந்த எட்டு மணி, தீப்பிடித்த நேரத்திலிருந்து. வந்து சேரவே இரண்டு மணி ஆகியிருந்தால் மீதி ஆறு மணியில் போக வேண்டும், மணிக்கு 800. இப்போது 2 மில்லியில் தொடங்கும் வழக்கமும் உண்டு, ஆகவே கேள்வியில் எந்த அளவு என்று பாருங்கள். எப்படியானாலும் சிறுநீரின் அளவே நிஜமான வழிகாட்டி.

ரத்தம் ஏற்றும்போது இரண்டு பேர் சரிபார்ப்பது, நார்மல் சலைன் மட்டும், முதல் 15 நிமிஷம் பக்கத்திலேயே நிற்பது, நான்கு மணிக்குள் முடிப்பது. குளிர், இடுப்பு வலி, அரிப்பு எது வந்தாலும் முதலில் நிறுத்துங்கள். டாக்டரைக் கூப்பிடுவது இரண்டாவது.

படி 9: கேள்வி போடுவது

படிப்புக்கும் கேள்விக்கும் பாதிப் பாதி நேரம். முதல் நான்கு வாரம் ஒவ்வொரு மண்டலம், ஐந்தாவது வாரத்திலிருந்து எல்லாம் கலந்து. கலந்து போடும்போது மதிப்பெண் படக்கென்று விழும், பயப்பட வேண்டாம். மண்டலம் எது என்று கேள்வியே சொல்லிக்கொடுத்த சலுகை போய்விட்டது, அவ்வளவுதான்.

"முதலில் யாரைப் பார்ப்பீர்கள்?" என்ற கேள்வியில் சத்தமாகக் கத்துகிறவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த நோயில் எதிர்பார்க்கக்கூடிய அறிகுறி இருப்பவர் காத்திருக்கலாம். எதிர்பாராதது வந்தவரை முதலில் பாருங்கள். கால் முறிந்தவருக்கு வலி எதிர்பார்த்தது. அவருக்கே இரண்டாம் நாள் மூச்சுத் திணறலும் குழப்பமும் நெஞ்சில் சிவப்புப் புள்ளியும் வந்தால் கொழுப்புக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கிறது.

தப்பான விடைகளுக்கு ஒரு சின்ன நோட்டு, டியூட்டி சட்டைப் பையில் அடங்கும் அளவு. விடையை எழுத வேண்டாம், ஏன் தப்பினேன் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்: "எண் தெரியவில்லை", "கேள்வியில் 'தவிர' பார்க்கவில்லை", "மனசு கேட்டது, மூச்சைப் பார்க்கவில்லை". ஒரே காரணம் மூன்று தடவை வந்தால் அன்றைய நைட் டியூட்டியில் அதை வார்டில் தேடுங்கள். பொட்டாசியத்தில் தப்புகிறீர்களா, இரண்டு மணிக்கு எல்லோரும் தூங்கிய பிறகு உங்கள் வார்டில் உள்ள கேஸ் ஷீட்டுகளில் பொட்டாசியம் எவ்வளவு, யாருக்கு ஃபுரோசிமைடு ஓடுகிறது, யாருக்கு டிஜாக்ஸின் போகிறது என்று வரிசையாகப் பாருங்கள். யாருக்காவது 3.1 இருந்து எவரும் கவனிக்காமல் விட்டிருந்தால், நோட்டை மூடிவிட்டு டியூட்டி டாக்டருக்கு போன் போடுங்கள்.